கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் புள்ளி இருந்தால் தட்டம்மை உறுதியா?

கேள்வி: பிப்ரவரி 17, மாலை (மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி)

என் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. மூன்று நாள்களாகக் காய்ச்சல், இருமல், மூக்கிலிருந்து ஓயாமல் நீர். கண்கள் சிவந்திருக்கின்றன, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. இன்று கஞ்சி ஊட்டியபோது கன்னத்தின் உட்புறம் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். பால் ஒட்டியிருக்கிறது என்கிறார் மாமியார். அது இருந்தாலே தட்டம்மை உறுதி, மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், வேப்பிலை போதும் என்கிறார் எதிர்வீட்டு அக்கா. எது சரி? ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைச் சளி இருந்ததால் தள்ளிப்போட்டோம். பிறகு போடவே இல்லை.

பிப்ரவரி 17, இரவு

நான் குழந்தை மருத்துவர் அல்லன். திருப்பாதிரிப்புலியூரில் பல் மருத்துவம் பார்ப்பவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலோடு எச்சில் வடித்துக்கொண்டு சாப்பிட மறுக்கும் குழந்தையைப் "பல் முளைக்கிறது, வாயில் புண் வந்துவிட்டது" என்று முதலில் எங்களிடம்தான் தூக்கிவருகிறார்கள், அம்மைத் தடிப்பு வெளிப்படாத அந்த இரண்டு மூன்று நாள்களில் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கு அரசு தலைமை மருத்துவமனை பக்கம்தான். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் மற்றக் குழந்தைகளோடு நிற்காமல், தட்டம்மையாக இருக்குமோ என்ற சந்தேகத்தை வாசலில் இருக்கும் பணியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போடாத பதினோரு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண் ஆகிய நான்கும் சேர்ந்து வந்திருப்பதே போதுமான காரணம்; கன்னத்தின் புள்ளி அதற்கு மேல் கிடைத்த தகவல். அதற்குள் குழந்தை மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இனி அந்தப் புள்ளி. 1896-இல் நியூயார்க்கில் ஹென்றி காப்ளிக் என்ற குழந்தை மருத்துவர் இதை விரிவாக எழுதினார்; அவர் பெயரால் இவற்றைக் காப்ளிக் புள்ளிகள் என்கிறோம். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உள்ள உட்கன்னத் தோலில், முதலில் ஒழுங்கற்ற சிவந்த திட்டு தோன்றும். அதன் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவில், நீலம் கலந்த வெண்மையில், சற்றே மேடான புள்ளி இருக்கும். சிவப்புத் துணியில் தூள் உப்புச் சிந்தியது போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். தொடக்கத்தில் அவை நாலைந்துதான் இருக்கும். தடிப்பு வெளிவரும் நேரத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்தும் விடும். பின்னணியில் உள்ள சிவப்பைத்தான் நான் முதலில் தேடுவேன், வெள்ளையை அல்ல. சிவப்பு இல்லாத வெள்ளைப் புள்ளிக்கு ஏராளமான வேறு காரணங்கள் உண்டு.

தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பு தோன்றி, தடிப்பு வந்த ஓரிரு நாளில் இவை மறைந்துவிடும். ஆகவே மாமியார் சொல்வதையும் எதிர்வீட்டு அக்கா சொல்வதையும் தீர்த்துவைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

பிப்ரவரி 18, காலை

இரவு எழுதியதில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது சிறிய விஷயம் அல்ல.

பல் நாற்காலிக்கு மேலே தொங்கும் விளக்கு மஞ்சளாகவும் கூர்மையாகவும் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் ஈறும் கன்னமும் ஈரத்தோடு பளபளக்கும். நீலம் கலந்த அந்த வெண்மை பளபளப்பில் கரைந்துவிடும். காப்ளிக்கே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். என் அறையில் கிழக்குச் சன்னல் ஓரம் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி கிடக்கிறது. சந்தேகம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, தாயை அந்த நாற்காலியில் அமரவைத்து, குழந்தையின் முதுகு தாயின் மார்போடு ஒட்டும்படி மடியில் இருத்தச் சொல்வேன். தாயின் ஒரு கை குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடிக்க, மற்றொரு கை நெற்றியைத் தாங்க வேண்டும். வாய்க் கண்ணாடியின் முதுகால் கன்னத்தை வெளிப்பக்கம் தள்ளினால், கன்னமும் ஈறும் சேரும் மடிப்பு வரை தெரியும். குழந்தை அழுதால் நமக்கு வேலை சுலபம். வாயை மூடிக்கொண்டு நம்மை முறைக்கும் குழந்தைதான் சிக்கல்.

வீட்டில் பார்க்கிறவர்கள் கண்ணாடியைத் தேட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுட்டுவிரலால் உதட்டோரத்தை மெதுவாக இழுத்தாலே போதும். கைப்பேசி விளக்கைப் போடாமல் வாசல் திண்ணையில் வைத்துப் பாருங்கள். படம் எடுத்தாலும் அப்படியே எடுங்கள். பளிச்சென்று விளக்கடித்து எடுத்த படத்தில் உமிழ்நீரின் மினுக்கம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே பொதுவில் ஏற்ற வேண்டாம், அது ஒரு குழந்தையின் முகம்.

பிப்ரவரி 18, மதியம்

மரக்காணத்து வாசகர் ஒருவர் "உப்பு என்றால் எந்த உப்பு?" என்று கேட்டிருக்கிறார். உப்பளத்துக்காரரிடம் உப்பைப் பற்றிப் பேசியது என் துணிச்சல். கல்லுப்பு அல்ல ஐயா, மேசையில் தூவும் தூளுப்பு. கல்லுப்பு அளவுக்குத் தெரிந்தால் அது வேறு நோய்.

பிப்ரவரி 18, இரவு

பதினோரு மாதக் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் ஏது என்று முதலியார்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருப்பது நியாயமான கேள்வி. முதல் கடைவாய்ப் பால்பல் பெரும்பாலும் ஒன்றேகால் வயதை ஒட்டித்தான் முளைக்கிறது. இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வயதாவது ஆக வேண்டும். பாடநூல் பல் உள்ள குழந்தையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறது. நம் ஊரில் தட்டம்மைக்கு அஞ்ச வேண்டிய வயதோ, தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் வடிந்து, ஊசி இன்னும் போடாத அந்த ஒன்பதாம் மாதத்தை ஒட்டிய வயது. அந்த வயதில், ஈற்று மேட்டின் பின்பாதிக்கு எதிரே, வாய்க்கோடியிலிருந்து காது நோக்கிப் போகும் வழியில் கன்னத்தின் பின்புறத்தைப் பாருங்கள். புள்ளிகள் அதிகரிக்கும்போது உதட்டின் உட்புறத்துக்கும் வரக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. மேல் கன்னத்தின் பின்பகுதியில், மேல் இரண்டாம் கடைவாய்ப் பல் இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரு சிறு மேடு எல்லோருக்கும் உண்டு. கன்னச் சுரப்பியின் உமிழ்நீர்க் குழாய் வாய்க்குள் திறக்கும் வாயில் அது. அதைக் கண்டு பதறி வந்தவர்கள் பலர். இரண்டு பக்கமும் ஒன்றொன்றாக, ஒரே உயரத்தில் இருந்தால் அது குழாய்; துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் அதன் நுனியில் உமிழ்நீர் துளிர்ப்பதைக்கூடப் பார்க்கலாம்.

பிப்ரவரி 19, காலை

கேள்வி கேட்டவர் செய்தி அனுப்பியிருக்கிறார்: மருத்துவமனையில் குழந்தையைத் தனியே வைத்துப் பார்த்தார்களாம், காதுக்குப் பின்னால் இன்று விடியற்காலையிலேயே தடிப்பு தொடங்கிவிட்டதாம். முடியோரம், காதின் பின்புறம், முகம் என்று தொடங்கி, கழுத்து, மார்பு, வயிறு என இறங்கிக் கைகால்களுக்குப் போவதுதான் தட்டம்மைத் தடிப்பின் நடை. இரத்தமும் தொண்டைத் தடவலும் எடுத்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ கொடுத்திருக்கிறார்கள்.

வைட்டமின் ஏ-யைப் பற்றிச் சிலர் வியந்து கேட்டிருப்பதால் சொல்கிறேன். தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள்களில் ஒவ்வொரு வேளை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆறு முதல் பதினோரு மாதம் வரை 1,00,000 அலகு, ஒரு வயதுக்கு மேல் 2,00,000 அலகு. இந்த நோய் உடலில் உள்ள வைட்டமின் ஏ-யை வேகமாக வற்றச்செய்யும். ஏற்கெனவே குறைவாக இருக்கும் குழந்தைக்குக் கருவிழி மங்கிப் பார்வையே போகலாம். மருத்துவர் கையால் கொடுக்க வேண்டிய அளவு இது. வீட்டில் கிடக்கும் மாத்திரையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

பிப்ரவரி 19, மாலை

எதிர்வீட்டு அக்காவின் கூற்றுக்குத் திரும்புகிறேன். "புள்ளி இருந்தால் தட்டம்மை உறுதி" என்பதில் முக்கால் பங்கு உண்மை இருக்கிறது. பல தலைமுறை மருத்துவர்கள் அப்படித்தான் படித்தோம். தட்டம்மைக்கே உரிய அடையாளம் என்று மனப்பாடம் செய்தோம். ஆனால் ஜப்பானில் தட்டம்மைச் சந்தேகத்தோடு வந்த ஆயிரக்கணக்கானோரை ஆய்வுக்கூடச் சோதனையோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, ரூபெல்லா முதலான வேறு வைரஸ் தொற்று உள்ளவர்களிடமும் இந்தப் புள்ளிகள் பதிவாகியிருப்பதைக் காட்டியது. தட்டம்மை அருகிவரும் ஊரில் ஒரு புள்ளியை மட்டும் வைத்து நோயின் பெயரை எழுதுவது ஆபத்து. தட்டம்மை கொத்தாக வந்திருக்கும் தெருவில் அதே புள்ளி மிக வலுவான சான்று. இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது.

மறுபக்கம் இன்னும் முக்கியம்: புள்ளி இல்லையென்றால் தட்டம்மை இல்லை என்று எவரும் சொல்லக் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது வருவதில்லை. வந்தாலும் நாம் பார்க்கும் மணிநேரத்தில் இருப்பதில்லை. நான் இதைப் பயன்படுத்துவது ஒரே திசையில்தான். கண்டால், குழந்தையை மற்றவர்களிடமிருந்து உடனே பிரிக்க வைக்கிறேன். காணாவிட்டால், மற்ற அறிகுறிகள் என்ன சொல்கின்றனவோ அதன்படி நடக்கிறேன்.

பிப்ரவரி 20, இரவு

வாய்க்குள் வெள்ளையாகத் தெரியும் வேறு எவை என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். என் நாற்காலிக்கு வந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பால் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் ஒரு தடவு தடவியதும் போய்விடும். மாமியாரின் ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும். பூஞ்சைத் தொற்றால் வரும் வெண்படலம் நாக்கிலும் அண்ணத்திலும் உதட்டிலும் திட்டுத்திட்டாகப் படியும். அழுத்தித் துடைத்தால் பெயர்ந்து, கீழே புண்ணாகிச் சிவந்த தோல் தெரியும், சில சமயம் இரத்தமும் கசியும். காப்ளிக் புள்ளி துடைத்தால் போகாது. ஆனால் போகாததை உறுதிசெய்வதற்காகக் குழந்தையின் கன்னத்தைச் சுரண்டாதீர்கள். ஒரு முறை மெதுவாகத் தொட்டால் போதும்.

கை, கால், வாய் நோயில் கொப்புளம் வந்து உடைந்து குழிப்புண் ஆகும், குழந்தை வலியால் எதையும் விழுங்காது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். காப்ளிக் புள்ளிகள் வலிப்பதில்லை. தட்டம்மைக் குழந்தை சாப்பிட மறுப்பது காய்ச்சலாலும் தொண்டையாலும்தான். சாதாரண வாய்ப்புண் ஒன்றோ இரண்டோ இருக்கும், பெரிதாக இருக்கும், தொட்டால் கத்தும். ரூபெல்லாவில் சிவந்த புள்ளிகள் மேல் அண்ணத்தின் பின்பக்கம் வரலாம். அவை வெள்ளை அல்ல.

பெரியவர்களுக்குக் கன்னத்தில் பற்கள் கடிக்கும் மட்டத்தில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். மஞ்சள் நிறத்தில் மணிமணியாக எண்ணெய்ச் சுரப்பிகளும் தெரியும். இரண்டும் இயல்பானவை. பேத்தியின் வாயைப் பார்த்துவிட்டுத் தன் வாயையும் சன்னலருகே காட்டிய பாட்டி ஒருவருக்கு வெற்றிலைப் பாக்கில் கன்னமே விறைத்துப்போயிருந்தது. பேத்திக்கு ஒன்றுமில்லை. பாட்டியைத்தான் மேல்சிகிச்சைக்கு ஜிப்மருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பிப்ரவரி 22, காலை

வேப்பிலையைப் பற்றி இரண்டு தரப்பிலும் சூடாக எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டு நிலையிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியிருக்கிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. வாசலில் அதைப் பார்த்தால் தெருவில் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். பால்காரர்கூடப் படியோடு நின்றுவிடுவார். தொற்று நோய்க்கு அது ஒரு நல்ல ஏற்பாடு. குறை எங்கே இருக்கிறது என்றால், தடிப்பு வந்த பிறகுதான் கொத்து ஏறுகிறது. தட்டம்மையோ தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, தடிப்பு வந்த நான்காம் நாள் வரை பரவுகிறது. அதாவது வேப்பிலை கட்டும்போது பரவும் காலத்தில் பாதி கழிந்துவிட்டது. அந்தப் பாதியில் குழந்தை அங்கன்வாடிக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வந்திருக்கும். கன்னத்துப் புள்ளியை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்: அது நமக்கு ஒன்றிரண்டு நாளைத் திருப்பித் தருகிறது.

தாளிக்கக் கூடாது, எண்ணெய் ஆகாது என்று குழந்தைக்கு வெறும் கஞ்சியை மட்டும் கொடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. தாய்ப்பால், கஞ்சி, பருப்பு, முட்டை, பழம் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். தட்டம்மையில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் அதைத் தொடரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும். பட்டினி கிடந்த உடம்பு இரண்டையும் தாங்காது.

பிப்ரவரி 22, மதியம்

"அம்மை ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு உறுதியாகிவிடும், வரட்டுமே" என்ற கருத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தட்டம்மைக்கு எதிராக உறுதியாவது உண்மை. ஆனால் அது மற்ற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பு நினைவை அழிக்கிறது. ஊசி போடாத குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வந்த ஆய்வில், இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போயிருந்தது. அரிதாக, பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கி மெல்ல மெல்லக் கொல்லும் விளைவும் உண்டு. "வரட்டுமே" என்பதற்கு இதுதான் விலை.

பிப்ரவரி 25, இரவு

நடுவில் வேலை அதிகம். ஊசி பற்றிய கேள்விகள் குவிந்திருக்கின்றன.

இந்த இழையின் முதல் கேள்வியில் என்னை உறுத்தியது புள்ளி அல்ல, கடைசி வரி: சளி இருந்ததால் ஊசி தள்ளிப்போனது. சாதாரணச் சளியும் இலேசான காய்ச்சலும் இந்த ஊசிக்குத் தடை அல்ல. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது என்று தட்டம்மை-ரூபெல்லா ஊசி அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. புதன்கிழமை தவறினால் அடுத்த புதன்கிழமை. பல மாதம் தவறினாலும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் வேறொரு சிக்கல் உண்டு. கடலூரை அடுத்த முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. கடலூர்ப் பெண் பிரசவத்துக்குப் பாகூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போவாள். முதல் ஊசிகள் புதுச்சேரியில். குழந்தைக்கு ஆறேழு மாதம் ஆனதும் கடலூர் திரும்புவாள். ஒன்பதாம் மாதம் வரும்போது இந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயர் இருக்காது. அந்தப் பக்கத்துச் செவிலியரோ குழந்தை ஊரில் இல்லை என்று குறித்துவைத்திருப்பார். இருவர் மீதும் தவறில்லை. குழந்தைக்கு ஊசியும் இல்லை. ஊர் மாறிய வாரமே அட்டையை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிவிடுங்கள். எந்த ஊர் அட்டை என்பதற்காக ஒருவரும் திருப்பி அனுப்பப் போவதில்லை.

பல் வலிக்கு வரும் குழந்தையிடமும் நான் தடுப்பூசி அட்டையைக் கேட்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கிறது. "பல்லுக்கு எதுக்கு டாக்டர் அந்த அட்டை?" என்பார்கள். பெரும்பாலும் அது வீட்டில் பீரோவுக்குள், நகைச்சீட்டுகளுக்கு அடியில், பத்திரமாக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது.

பிப்ரவரி 26, காலை

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் இந்த ஊசி போட்ட இயக்கத்தை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அப்போது ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளைக் கேட்டுப் பள்ளிக்கு வந்து பிள்ளையை அழைத்துப்போன பெற்றோர் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். வயது வந்தவருக்கு வரும் தட்டம்மை குழந்தைக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். விடுதி அறையில் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 1, மாலை

மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கோ தேவனாம்பட்டினத்துக்கோ கைக்குழந்தையோடு போகலாமா என்று கேட்டவருக்கு: ஊசி போட்ட, நலமான குழந்தை என்றால் வெயிலைத் தவிர எனக்கு ஆட்சேபம் இல்லை. காய்ச்சலும் சிவந்த கண்ணும் இருக்கும் குழந்தையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் இந்த நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். திறந்த கடற்கரையைவிட, அங்கே போகும் பேருந்தை எண்ணித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். நோயாளி எழுந்து போன பிறகும் மூடிய இடத்துக் காற்றில் இந்த வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கும்.

என் அறையிலும் இதே கணக்குத்தான். சந்தேகம் வந்தால் அந்தக் குழந்தையைப் பார்த்த அறையை மூடி, சன்னல்களைத் திறந்துவைத்து, அடுத்தவரை உள்ளே விடாமல் காத்திருக்கச் சொல்கிறேன். வெளியே பல்வலியோடு அமர்ந்திருப்பவர்கள் என்னைத் திட்டுவது காதில் விழுகிறது.

மார்ச் 2, காலை

காப்ளிக்குக்கு முன்பே வேறு சிலர் இதைக் கண்டார்கள் என்று ஒருவர் திருத்தியிருப்பது சரி. டென்மார்க்கின் ஃபிளிண்ட், ரஷ்யாவின் ஃபிலாத்தோவ் ஆகியோரின் குறிப்புகள் உண்டு; ரஷ்ய மாணவர்கள் ஃபிலாத்தோவ் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் தடிப்புக்கு முன்பே நோயைப் பிரித்தறிந்து, மற்றக் குழந்தைகளிடமிருந்து ஒதுக்கிவைக்க இது பயன்படும் என்று தெளிவாக வலியுறுத்தியவர் காப்ளிக். வார்டில் குழந்தைகளை அடுத்தடுத்துப் படுக்கவைத்திருந்த அந்தக் காலத்தில் அதுதான் முக்கியமான செய்தி. பெயர் யாருடையது என்ற வழக்கை நான் நடத்தப் போவதில்லை.

மார்ச் 4, இரவு

கேள்வி கேட்ட குடும்பத்திலிருந்து மூன்று துணைக்கேள்விகள். குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது, தடிப்பு கருத்து உமிபோல் உரிகிறது என்கிறார்கள். அது ஆறும் விதம். இருமல் இன்னும் சில நாள் இருக்கலாம். காய்ச்சல் ஒருமுறை இறங்கிவிட்டு மீண்டும் ஏறினால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள், காதிலோ நெஞ்சிலோ அடுத்த தொற்று பிடித்திருக்கலாம்.

அதே வீட்டில் உள்ள மூன்று வயது அண்ணனுக்கு ஒரே ஊசிதான் போட்டிருக்கிறது. நோயாளியோடு முதல் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி இந்தத் தொற்றையே தடுக்கக்கூடும். அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் இப்போது அவனுக்குக் காய்ச்சல் இல்லையென்றால் விடுபட்ட இரண்டாம் ஊசியைப் போட்டுவிடுங்கள், அடுத்த முறைக்கு உதவும். தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து தடிப்பு வரச் சராசரியாகப் பதினான்கு நாள், சிலருக்கு இருபத்தொரு நாள் வரைகூட ஆகும் என்பதால், அதுவரை அவனை அங்கன்வாடிக்கு அனுப்பாமல், காலையில் வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை கன்னத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, கருவுற்றிருக்கும் சித்தி. அவருக்கு இந்த ஊசி கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. அவருக்குச் சிறுவயதில் ஊசியோ நோயோ வந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், தடிப்பு வரும் என்று காத்திராமல் நாளைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடர்பு ஏற்பட்ட ஆறு நாளுக்குள் என்றால், தடுப்பூசிக்குப் பதிலாக, ஆயத்த எதிர்ப்பொருள்கள் அடங்கிய எதிர்ப்புரத ஊசி (இம்யூனோகுளோபுலின்) கொடுக்க வழி இருக்கிறது. அவர் கடைசியாக அந்தக் குழந்தையைத் தூக்கியது எந்தத் தேதி என்பதைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். புதுச்சேரியில் பார்க்கிறவர் என்றால் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அங்கே காத்திருக்கும் கூடம் முழுவதும் கர்ப்பிணிகள்.